இரண்டு கான் கடல்

சனிக்கிழமைகளில்
மோட்டர்சைக்கிளின் இரு பக்கமும்
கடலைக் கட்டிக்கொண்டு வருவேன்.
பக்கத்துக்கு இருபது லீற்றர்.
வட்டுவாகல் பாலத்தில் குழிக்குக் குழி தளும்பும்,
இன்னும் ஏதோ கரையில் மோதுவதுபோல.

முதல் தடவை மறித்தவன் சின்னப் பொடியன்.
மூடியைத் திறக்கச் சொன்னான்.
பெற்றோல் இல்லை, கசிப்பும் இல்லை.
விரலை விட்டு நக்கிப் பார்த்து
"முகுது வத்துர" என்றான், தனக்குத்தானே.
"மாளு" என்றேன் நான்.
எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.
கடலுக்குப் போய் மீன் கொண்டு வருகிறவர்களை
அவன் கண்டிருக்கிறான்.
மீனுக்குக் கடல் கொண்டு போகிறவளை
அன்றைக்குத்தான்.

அதை மீன் என்றே மரியநேசன் ஒத்துக்கொள்ளவில்லை.
வலையை உதறக் கடற்பஞ்சோடு விழுந்தது,
எலுமிச்சம்பழம் அளவில், அதே மஞ்சளில்.
"விலைப்படாது. கறிக்கும் ஆகாது.
வேணுமெண்டா கொண்டு போ தங்கச்சி."
பேரைப் பிறகு போனில் தேடி எடுத்தேன்:
தவளைமீன்.
தவளையும் இந்தப் பேருக்குச் சம்மதிக்காது,
மீனும் சம்மதிக்காது.

தொட்டி, பூட்டிப்போன பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி.
பணிஸ் அடுக்கியிருந்த இடம்.
மூன்று தரம் ஒழுகியது,
மூன்று தரமும் சிலிக்கன் பூசினேன்.
உள்ளே ஒளிய ஒன்றும் இல்லையே என்று
கிணற்றடியில் கிடந்த
உடைந்த ஓட்டுத் துண்டொன்றைக் கழுவிப் போட்டேன்.

அது நீந்தாது.
முழங்கை மடித்து,
செட்டையை ஊன்றி ஊன்றி நடக்கும்.
இரண்டு அடி. பிறகு அன்றைக்கு முழுக்க இருப்பு.
நெற்றியில் மயிர்போல ஒரு தூண்டில்,
நுனியில் புழுப்போல ஒரு சதை.
தூண்டிலும் அதனது, பறியும் அதனது.

தனியே கிடக்கிறதே என்று
கிளிநொச்சியில் எண்ணூறு ரூபாய் கொடுத்து
நீலக் குஞ்சொன்று வாங்கி விட்டேன்.
கையைத் துடைக்கத் துவாய் எடுக்கத் திரும்பினேன்.
திரும்பி வந்து பார்த்தால் நீலம் இல்லை.
வயிறு மட்டும் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.
யோகன் விழுந்து விழுந்து சிரித்தான்.
"எண்ணூறு ரூபாய்ச் சாப்பாடு
எனக்கு எப்ப போடுவாய்?"

புரட்டாதியில் ஒரு இரவு கரண்ட் போனது.
காற்றுக் குமிழி நின்றது.
ஓட்டோவின் பற்றறியைக் கழற்றிப் பூட்டினோம்,
ஒரு மணிக்கு அதுவும் செத்தது.
பிறகு ஜக்கால் அள்ளி அள்ளி
உயரத்திலிருந்து ஊற்றினேன்,
நாலு மணிவரை.
தோள்மூட்டு இற்றுப்போனது.
வெளிச்சம் வந்தபோது
அது இருந்த இடத்தில் இருந்தது.
நன்றிக்கு ஒரு செட்டையும் தூக்கவில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

என்னோடு வெடி அகற்றும் வேலை செய்கிற
சசிரேகா ஒருநாள் வந்தாள்.
குனிந்து பார்த்தாள், காணவில்லை.
காட்டினேன்.
"நாள் முழுக்கக் கல்லுமாதிரிக் கிடக்கிறதைத்தான் தேடுறாய்,
வீட்டிலையும் அதையே கொண்டு வந்து வச்சிருக்கிறாய்"
என்றாள்.
கோபம் வந்தது எனக்கு.
தேத்தண்ணியைக்கூடச் சரியாக ஊற்றிக் கொடுக்கவில்லை.
அவள் போனபின்தான் பதில் வந்தது:
அதற்குப் பசிக்காது.
இதற்குப் பசிக்கும்.

எட்டாவது கிழமை மஞ்சள் முழுக்கக் கழன்று
ஓட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது.
பாசி படிந்த புள்ளியைக்கூட
விடாமல் எடுத்திருந்தது.
வேலையால் வந்ததும்
சப்பாத்துக் கழற்றாமல் தேடுகிறேன்,
இடமிருந்து வலமாக, சாண் சாணாக.
பழக்கம்.
கண்டால் கத்தத் தேவையில்லை.
சிவப்புக் குச்சி நடத் தேவையில்லை.
கதிரையை இழுத்துப் போட்டு
இருந்தால் போதும்.

நேற்று, நான் பார்த்துக்கொண்டிருக்க,
ஓடு வாயைத் திறந்தது.
தலையைவிடப் பெரிய வாய்.
ஏதோ பிடிக்கப்போகிறது என்று நினைத்தேன்.
கொட்டாவி.
மெல்ல மூடிக்கொண்டது.

எனக்கும் வந்தது.